வாலில்லாத வௌவால்!

சின்ன வயசுல பட்டம் விட்டிருப்பீங்க. வால் கட்டாம விட்டுப் பார்த்திருக்கீங்களா? கையை விட்டதும் கரணம் அடிக்கும். சுத்திச் சுத்தி வந்து நேரா தரையில குத்தும். உடனே பாட்டியோட பழைய சேலையில ஒரு முழம் கிழிச்சு வால் கட்டி விட்டா, நல்ல புள்ளையா மேல போய் நிக்கும்.

சரி, இப்ப சொல்லுங்க... வாலே இல்லாம ஒரு விமானம் பறக்குமா?

பறக்கும்! அதுக்கு 'ஃப்ளையிங் விங்'னு பேரு. உடம்பு கிடையாது, வால் கிடையாது, வெறும் இறக்கை மட்டும்தான். மேல இருந்து பார்த்தா ஒரு பூமராங் மாதிரி இருக்கும். பின்னால ஒரு குட்டி மோட்டார், மூக்குல ஒரு பேட்டரி, கையில ரிமோட். எங்க ஹாஸ்டல் ரூம்ல பிறந்த அந்த ஜந்துவுக்கு நாங்க வெச்ச பேர் 'வௌவால்'. (பேர்லயே வால் இருக்கேன்னு கடிக்காதீங்க, அதை ஏற்கெனவே நூறு பேர் சொல்லிட்டாங்க!)

நான் படிக்கிறது விருதுநகர் மாவட்டத்துல ஒரு இன்ஜினீயரிங் காலேஜ். எங்க டீம்ல நாலு பேர். நான், என் ரூம்மேட், ஃபைனல் இயர் சீனியர் அண்ணா ஒருத்தர், அப்புறம் 'கோந்து'. கோந்து எங்க கிளாஸ்மேட். அவனுக்கு அந்தப் பேர் வந்த கதை தனி. தெர்மாகோலை ஒட்டச் சொன்னதுக்கு, தொட்டதும் ஒட்டுமே அந்தச் சின்ன ட்யூப் பசை, அதைப் பீய்ச்சிட்டான். ஒட்டலை. தெர்மாகோல் அப்படியே உருகி, நடு இறக்கையில எலி கடிச்ச மாதிரி ஒரு ஓட்டை! அன்னிக்கு ராத்திரி முழுக்க ஒரு இறக்கையை மறுபடி அறுத்தோம். அதனால நீங்க செய்யப் போறீங்கன்னா முதல் பாடம் இதுதான்: தெர்மாகோலுக்கு வெள்ளைக் கோந்து போதும். காய ஒரு நாள் ஆகும். காத்திருங்க. ஸ்ப்ரே பெயின்ட்டும் அடிக்காதீங்க, அதுவும் தின்னுடும்.

ஃப்ரிட்ஜ் டப்பாவுல இருந்து இறக்கை

'இதெல்லாம் ஏரோநாட்டிக்கல் படிக்கிறவங்க சமாச்சாரம், லட்சக்கணக்குல செலவாகும்'னு நினைக்காதீங்க. நாங்களும் அப்படி நினைச்சுத்தான் ரெண்டு வருஷம் சும்மா இருந்தோம்.

இறக்கைக்கு தெர்மாகோல். டவுன்ல ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில ஃப்ரிட்ஜ் பேக்கிங்ல வந்த கட்டிகளை 'எடுத்துட்டுப் போங்க, இடமாவது மிச்சம்'னு சும்மாவே கொடுத்தாங்க. தெர்மாகோல்னதும் 2017-ல வைகை அணையில மிதக்கவிட்டதுதானே ஞாபகம் வருது? அன்னிக்கே காத்து அதைக் கரைக்கு அடிச்சுட்டு வந்துச்சு. ஆக, அது பறக்கத் தயாரா இருக்கிற சரக்குன்னு ஊருக்கே தெரியும்!

அதை வெட்ட கத்தி வேண்டாம். ஒரு மரச் சட்டத்துல வில்லு மாதிரி நிக்ரோம் கம்பியை இழுத்துக் கட்டி, 12 வோல்ட் கொடுத்தா கம்பி சூடாகும். வெண்ணெயில நூல் போற மாதிரி தெர்மாகோலுக்குள்ள போகும். இறக்கையோட ரெண்டு முனையிலும் வடிவத்துக்கு ஒரு அச்சு வேணும். கார்பென்டர் கடையில தூக்கிப்போட்ட சன்மைக்கா துண்டுல அதை வெட்டிக்கிட்டோம். அறுக்கும்போது ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் ஒரே வேகத்துல நகரணும். ஒருத்தர் நின்னாக்கூட அந்த இடத்துல பள்ளம் விழும். நானும் ரூம்மேட்டும் 'ஒண்ணு... ரெண்டு... மூணு...'னு எண்ணிக்கிட்டே அறுத்தோம். பக்கத்து ரூம் பொண்ணுங்க ஏதோ தியானம் பண்றோம்னு நினைச்சுட்டாங்க. புகை நல்லதில்லை, மொட்டைமாடியில வெச்சு அறுங்க.

இறக்கை மடங்காம இருக்க நடுவுல ஒரு எலும்பு வேணும். கார்பன் குழாய் இருந்தா ராஜமரியாதை. எங்களுக்குக் கிடைச்சது மூங்கில் பிளாச்சு. மேல பிரவுன் டேப் சுத்தினா வேலை முடிஞ்சது. டேப் அழகுக்கு இல்லை, தெர்மாகோலுக்கு அதுதான் தோல்.

காசு போனது எலெக்ட்ரானிக்ஸ்லதான். 2212 சைஸ் பிரஷ்லெஸ் மோட்டார், 8 இன்ச் ப்ரொப்பெல்லர், மோட்டாரோட வேகத்தைக் கட்டுப்படுத்துற 30 ஆம்பியர் இ.எஸ்.சி., ஒவ்வொண்ணும் 9 கிராம் இருக்கிற ரெண்டு சர்வோ, 2200 எம்.ஏ.எச். லித்தியம் பாலிமர் பேட்டரி. ரிமோட்டை சீனியர் அண்ணாவோட பழைய டீம் பாதி விலைக்குக் கொடுத்துச்சு. எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம். நாலு பேரும் ஒரு மாசம் கேன்டீன் பக்கம் தலைவெச்சுப் படுக்கலை. மொத்த எடை 600 கிராம். ஒரு முனையில இருந்து இன்னொரு முனை வரைக்கும் 90 சென்டிமீட்டர்.

ஆடிக் காத்துல...

அம்மியே பறக்கும்னு சொல்ற ஆடி மாசத்துல போய் முதல் தடவை பறக்கவிட்டோம். அந்த அறிவாளித்தனத்தை என்னன்னு சொல்ல! காலேஜுக்குப் பின்னால ஒரு கண்மாய். தண்ணி வத்தி, வெடிப்பு விட்டு, கிரிக்கெட் கிரவுண்டு மாதிரி கிடந்துச்சு. கரையெல்லாம் சீமைக் கருவேலம். ஆடு மேய்க்கிற தாத்தா ஒருத்தர், எங்க கையில இருந்ததைப் பார்த்துட்டு "என்ன தாயி, பருந்தா?"ன்னார். "இல்ல தாத்தா, வௌவால்"னேன். "பகல்ல பறக்காதே"ன்னார். அந்த வாய்முகூர்த்தம் சும்மா விடலை.

கோந்து எறிஞ்சான். ஒரு செகண்டு நல்லாத்தான் போச்சு. ரெண்டாவது செகண்டுல மூக்கைத் தூக்கிச்சு. தூக்கிக்கிட்டே போய் செங்குத்தா நின்னுச்சு. அப்புறம் பின்பக்கமா ஒரு கரணம். எறிஞ்சவன் தலைக்கு மேலேயே திரும்பி வந்து, அவன் குனிஞ்சதால தப்பிச்சு, தரையில மடார்! மோட்டார் ஷாஃப்ட் வளைஞ்சது, இறக்கை ரெண்டா முறிஞ்சது. ரிமோட் அண்ணா கையில. ஸ்டிக்கை முழுசா முன்னால தள்ளியும் அது கேக்கவே இல்லைன்னார்.

'காத்துதான் காரணம்'னு நாலு பேரும் ஒருமனதா தீர்மானம் போட்டோம். ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. காத்துன்னா ஒரு பக்கம் சாய்ச்சிருக்கணும். இது ஏன் நேரா மேல போச்சு?

அப்பத்தான் பட்டத்தோட வால் ஞாபகம் வந்துச்சு.

வாலோட வேலையை யார் பாக்குறது?

பஸ்ஸுல போற மாதிரி விமானத்தைப் பார்த்துட்டுப் போயிடுறோம், அதோட வால் எதுக்குன்னு யோசிக்கிறதில்லை. சாதாரண விமானத்துல எடையோட மையம் கொஞ்சம் முன்னால இருக்கும். இறக்கை தூக்கிப் பிடிக்கிற இடம் அதுக்குக் கொஞ்சம் பின்னால. அதனால மூக்கு எப்பவும் கீழே குத்தப் பார்க்கும். கடைசியில இருக்கிற வால் லேசா கீழே அழுத்தி மூக்கை நிமிர்த்தும். கிராமத்து ஏத்தம் மாதிரி, நீளமான கோலோட நுனியில சின்ன எடை வெச்சாலே போதும்.

ஃப்ளையிங் விங்ல அந்த நீளமான கோல் இல்லை. அந்த வேலையையும் இறக்கையோட பின்விளிம்பேதான் பார்க்கணும். அதனால பின்விளிம்பை ரெண்டு, மூணு மில்லிமீட்டர் மேல் நோக்கித் தூக்கி வெப்பாங்க. 'ரிஃப்ளெக்ஸ்'னு பேரு. இறக்கையைப் பின்பக்கமா சாய்ச்சு வெக்கிறதும் இதுக்குத்தான். முனைகள் பின்னால போறதால, அதுங்களே ஒரு குட்டி வால் மாதிரி ஆகிடும். ஆனா கோல் குட்டைங்கிறதால, எடை மையம் கொஞ்சம் இடம் மாறினாலும் சமாளிக்க ஆள் இல்லை. பெரிய விமானத்துல சீட் மாறி உட்கார்ந்தா ஒண்ணும் ஆகாது. இதுல பேட்டரி ரெண்டு சென்டிமீட்டர் பின்னால போனா கதை முடிஞ்சது.

நாங்க பேட்டரியை எங்கே வெச்சிருந்தோம் தெரியுமா? தெர்மாகோல் நல்லா தடிமனா இருந்த இடத்துல, நடுவுல. ஏன்னா குழி தோண்ட அங்கதான் வசதி! எடை மையம் மூக்குல இருந்து 20 சென்டிமீட்டர்ல இருந்துச்சு. எங்க இருக்கணும்னு யாரும் கணக்குப் போடலை. நாலு பேரும் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்ஸ்!

மறுநாள் சார்ட் பேப்பர் வாங்கிட்டு வந்து உட்கார்ந்தேன். நீங்களும் பேனா எடுங்க, பத்து நிமிஷ வேலைதான். எங்க இறக்கையோட நடு அகலம் 30 செ.மீ. முனை அகலம் 20. ஒரு பக்க நீளம் 45. முனையோட முன்விளிம்பு மூக்கை விட 25 செ.மீ. பின்னால இருக்கு. இதை அப்படியே வரைஞ்சுக்கங்க. நடுக்கோட்டுல பின்விளிம்புக்குப் பின்னால முனையோட அகலத்தை (20) சேர்த்து ஒரு புள்ளி. முனைக்கோட்டுல முன்விளிம்புக்கு முன்னால நடுவோட அகலத்தை (30) சேர்த்து ஒரு புள்ளி. ரெண்டையும் ஒரு கோட்டால சேருங்க. அப்புறம் நடு அகலத்தோட மையத்தையும் முனை அகலத்தோட மையத்தையும் இன்னொரு கோட்டால சேருங்க. ரெண்டு கோடும் வெட்டிக்கிற இடத்துலதான் இறக்கையோட 'சராசரி அகலம்' இருக்கு. எங்களுக்கு அது நடுவுல இருந்து 21 செ.மீ. தள்ளி, 25.3 செ.மீ. அகலத்துல வந்துச்சு. அந்த அகலத்துல முன்விளிம்பில் இருந்து கால்வாசி தூரம் போனா, அதுதான் தூக்கிப் பிடிக்கிற மையம். மூக்குல இருந்து அளந்தா சரியா 18 செ.மீ.!

எடை மையம் இந்தப் பதினெட்டுக்கு முன்னால இருந்தாத்தான் வௌவால் தானா நிமிரும். எவ்வளவு முன்னால? சராசரி அகலத்துல பத்து சதவிகிதம், அதாவது இரண்டரை செ.மீ. ஆக 15.5. நாங்க வெச்சிருந்தது 20. நாலரை சென்டிமீட்டர் தப்பு. ஒரு தீப்பெட்டி நீளத்தைவிடக் கொஞ்சம்தான் குறைச்சல்.

இந்த விளையாட்டுல இருக்கிறவங்க ஒண்ணு சொல்வாங்க: மூக்கு கனத்தா மோசமா பறக்கும், பின்னால கனத்தா ஒரே ஒரு தடவை பறக்கும். எங்களுக்கு அந்த ஒரு தடவையும் ரெண்டே செகண்டு!

பெரிய வௌவால்கள்

எங்க கதையில அசிங்கப்பட ஒண்ணும் இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. பெரிய பெரிய ஆளுங்களையே இந்த வாலில்லாத ஜந்து படாதபாடு படுத்தியிருக்கு.

இதுக்கு முதல் வாத்தியார் ஒரு விதை. தென்கிழக்கு ஆசியக் காடுகள்ல 'அல்சோமிட்ரா'ன்னு ஒரு கொடி. அதோட விதைக்கு ரெண்டு பக்கமும் டிஷ்யூ பேப்பர் மாதிரி மெல்லிசா இறக்கை. ஒரு சாண் கூட இருக்காது. மோட்டார் இல்லை, ரிமோட் இல்லை, வால் இல்லை. உசரத்துல இருந்து உதிர்ந்து வட்டம் அடிச்சு மிதந்து போகும். எடை மையத்தை அதுக்கு யாரும் கணக்குப் போட்டுக் கொடுக்கலை. ஆஸ்திரியாவைச் சேர்ந்த இகோ எட்ரிச் இந்த விதையைப் பார்த்துத்தான் தன் கிளைடரையே வடிவமைச்சார்.

அமெரிக்காவுல ஜாக் நார்த்ராப் இதுக்காகவே வாழ்ந்தவர். 1940-ல அவரோட என்-1எம் பறந்துச்சு. 1947 அக்டோபர்ல எட்டு ஜெட் இன்ஜின்களோட ஒய்.பி.-49. இறக்கை நீளம் 172 அடி. 1948 ஜூன் 5-ம் தேதி ஒரு ஒய்.பி.-49 விழுந்து நொறுங்கி, உள்ளே இருந்த அஞ்சு பேரும் இறந்துபோனாங்க. அதுல ஒருத்தர் கேப்டன் க்ளென் எட்வர்ட்ஸ். கலிஃபோர்னியாவுல இருக்கிற எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்துக்கு அந்தப் பேர் வந்தது இவரால. திட்டம் கைவிடப்பட்டுச்சு.

வாலில்லாததை அடக்க ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு, அந்த ஆள் கம்ப்யூட்டர். 1989 ஜூலையில பி-2 பறந்தது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடியும் பின்விளிம்புகளை அசைச்சுக்கிட்டே இருக்கும். அதோட இறக்கை நீளம் எவ்வளவு? அதே 172 அடி! 1980-ல, ரொம்ப முடியாம இருந்த நார்த்ராப்புக்கு அரசாங்கம் விசேஷ அனுமதி கொடுத்து இந்த ரகசிய டிசைனைக் காட்டியிருக்காங்க. அடுத்த வருஷம் அவர் இறந்துட்டார். இதைப் படிச்ச அன்னிக்கு ரூம்மேட் ரொம்ப நேரம் பேசவே இல்லை.

நம்ம ஊர்லயும் இருக்கு. 2022 ஜூலை 1-ம் தேதி, கர்நாடகாவுல சித்ரதுர்கா சோதனைத் தளத்துல டி.ஆர்.டி.ஓ. ஒரு ஃப்ளையிங் விங்கைப் பறக்கவிட்டுச்சு. ஆள் இல்லை. தானே ஏறி, தானே பறந்து, தானே இறங்குச்சு.

நாலு தையல்

இனிமே சொல்லப்போறதை மட்டும் தயவுசெஞ்சு ரெண்டு தடவை படிங்க.

ஆவணி கடைசியில வௌவால்-2 தயார். பேட்டரியை மூக்கு வரைக்கும் தள்ளி, அடியில 15.5 செ.மீ.ல ரெண்டு பக்கமும் புள்ளி வெச்சு, ரெண்டு விரல்ல தூக்கிப் பார்த்தோம். தராசு முள் மாதிரி நேரா நின்னுச்சு. ரிமோட்ல 'எலெவான்' மிக்ஸ் போட்டாச்சு. ஒரே பலகைதான், மேல-கீழயும் அதுவே, இடது-வலதும் அதுவே. ஸ்டிக்கைப் பின்னால இழுத்தா ரெண்டும் மேல தூக்கணும். இடது பக்கம் தள்ளினா இடது மேல, வலது கீழ. இது தலைகீழா இருந்தா எறிஞ்ச அடுத்த செகண்டு ஆள் காலி. அதையும் ரெண்டு தடவை பார்த்தோம். எல்லாம் சரி.

ஒண்ணைத் தவிர. மோட்டார் பின்னால இருக்கு. எறியறவங்க கை, முன்னால போற வௌவாலுக்குப் பின்னால நிக்கும். நடுவுல சுத்துறது ப்ரொப்பெல்லர்.

அன்னிக்கு எறிஞ்சது ரூம்மேட். 'ஃபுல் ஸ்பீடு வெச்சுட்டு எறிஞ்சா சுலபமா ஏறும்'னு நாங்கதான் சொன்னோம். அண்ணா மோட்டாரை முழுசா முடுக்கினார். அவ எறிஞ்சா. சத்தம் ஒரு மாதிரி மாறுச்சு. அவ்வளவுதான். வலது கை நடுவிரல்லயும் மோதிர விரல்லயும் ரத்தம். எட்டு இன்ச் பிளாஸ்டிக்தானேன்னு அலட்சியமா இருந்தோம். அது பிளாஸ்டிக் இல்லை, நிமிஷத்துக்குப் பல ஆயிரம் தடவை சுத்துற கத்தி.

துப்பட்டாவைச் சுத்தி, கோந்து பைக்ல வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். நாலு தையல். டாக்டர் "எலும்புக்கு ஒண்ணும் ஆகலை, அதிர்ஷ்டம்"னார்.

திரும்பி வந்து கண்மாய்ல தேடினப்ப, வௌவால் ஐம்பது அடி தள்ளி, ஒரு கீறல்கூட இல்லாம, வெடிப்பு மண்ணுல வயிறு பதிச்சு உட்கார்ந்திருந்துச்சு. அண்ணா பதற்றத்துல மோட்டாரை நிறுத்திட்டு ரிமோட்டைக் கீழே போட்டுட்டு ஓடி வந்திருக்கார். அது பாட்டுக்குத் தானா மிதந்து, தானா இறங்கியிருக்கு. "அழகா இறங்குச்சு தாயி, கொக்கு மாதிரி"ன்னார் ஆடு மேய்க்கிற தாத்தா. என் கணக்கு சரியா இருந்ததைப் பார்த்த ஒரே சாட்சி அவர்தான்.

எனக்கு அந்த சந்தோஷம் வரவே இல்லை. சி.ஜி.க்கு மட்டும் ஒரு சார்ட் பேப்பர் நிறைய கணக்குப் போட்ட நான், எறியறவளோட கை எங்க இருக்கும்னு ஒரு கோடுகூட வரையலை.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். வீட்டுக்கு போன். அவ அம்மா அழுகை. 'பொம்பளைப் புள்ளைங்களுக்கு எதுக்கு இந்த வேலை'ன்னு ஹாஸ்டல்ல ஒரு உபதேசம். பசங்க விரல்ல பட்டிருந்தா இந்த வசனம் வந்திருக்குமான்னு கேக்கத் தோணுச்சு, கேக்கலை. ஒரு சார் மட்டும் கூப்பிட்டு, "பறக்க விடுங்க, ஆனா நான் கூட வருவேன். எப்படி எறியப் போறீங்கன்னு எழுதிக் கொடுங்க"ன்னார்.

எழுதினோம். மோட்டார் ஆஃப்ல எறியணும். மூக்குக்கு அடியில, முன்பக்கமா பிடிக்கணும். எறியறவங்க 'போச்சு!'ன்னு கத்தின பிறகுதான் ரிமோட்காரர் மோட்டாரைத் தொடணும். அது முடியுமான்னு கணக்கும் போட்டோம். 600 கிராம் எடை, 22.5 சதுர டெசிமீட்டர் இறக்கைக்கு, விழாம இருக்க நொடிக்கு ஏழு மீட்டர் வேகம் வேணும். அதாவது மணிக்கு 25 கிலோமீட்டர். சைக்கிளை முக்கி மிதிச்சா வர்ற வேகம். நாலு எட்டு ஓடி எறிஞ்சா தாராளமா வரும். மோட்டாரே தேவையில்லை! அன்னிக்கே இந்தக் கணக்கைப் போட்டிருந்தா நாலு தையல் மிச்சம்.

அந்தப் பேப்பர்ல சார் இன்னும் சிலதைச் சேர்த்தார். 2021 ட்ரோன் விதிகள்படி, பறக்கவிடற இடம் பச்சை மண்டலமான்னு 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்துல பார்க்கணும். பச்சையா இருந்தாலும் 400 அடிக்கு மேல போகக் கூடாது. ஏர்போர்ட் பக்கம் நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க. 250 கிராமுக்கு மேல, 2 கிலோ வரைக்கும் 'மைக்ரோ' கணக்கு. வியாபாரத்துக்கு இல்லைன்னா பைலட் லைசென்ஸ் வேண்டாம், ஆனா கண்ணுக்குத் தெரியற தூரத்துலயே பறக்கணும். பேட்டரியைக் கட்டிலுக்கு அடியில சார்ஜ் போட்டுட்டுத் தூங்கக் கூடாது. ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. எடுத்து வெக்கும்போது 3.8-ல வெக்கணும். உப்பின பேட்டரியைத் தொடவே கூடாது.

போச்சு!

புரட்டாசியில ஒரு ஞாயித்துக்கிழமை. காலையில ஆறு மணிக்கு லேடீஸ் ஹாஸ்டல் கேட் திறக்கும். எட்டு மணிக்குக் காத்து கிளம்பிடும். நடுவுல இருக்கிற ரெண்டு மணி நேரம்தான் எங்களுக்கு. சார் ஸ்கூட்டர்ல வந்துட்டார், கையில ஃபிளாஸ்க் நிறைய டீ.

யார் எறியறதுன்னு பேச்சு வந்துச்சு. கோந்து கையைத் தூக்கினான். ரூம்மேட் அவன் கையில இருந்து வௌவாலை வாங்கிட்டா. "நான்தான் எறியணும்"னு ஒரே வார்த்தை. விரல்ல தழும்பு இன்னும் சிவப்பாத்தான் இருந்துச்சு. நான், "வேணாம்டி"ன்னேன். "நீ கணக்குப் போட்டியா இல்லையா?"ன்னா. "போட்டேன்." "அப்ப பேசாம நில்லு."

மூக்குக்கு அடியில பிடிச்சா. ஓடினா. எறிஞ்சா. "போச்சு!"

அண்ணா மோட்டாரை முடுக்கினார். ஒரு அடி இறங்கி, நிமிர்ந்து, ஏறுச்சு. ஏறிக்கிட்டே இருந்துச்சு. கருவேல மரங்களைத் தாண்டி, கரையைத் தாண்டி, சூரியனுக்குக் குறுக்கே திரும்புச்சு. டேப் போட்ட இறக்கை ஒரு செகண்டு தகதகன்னு மின்னுச்சு. ஒரு வட்டம், ரெண்டு வட்டம். அண்ணா ஸ்டிக்குல இருந்து கையை எடுத்துக் காட்டினார். வௌவால் அதுபாட்டுக்கு நேரா போச்சு. ஆடுங்க மேயறதை நிறுத்திட்டு மேல பார்த்துச்சுங்க. கோந்து கத்தின கத்துல தாத்தாவுக்கு ஒரு ஆடு ஓடியே போச்சு.

அஞ்சாவது நிமிஷம் அண்ணா ரிமோட்டை ரூம்மேட் கையில கொடுத்தார். அந்தத் தழும்பு விரல் ஸ்டிக்குக்குப் பக்கத்துல நடுங்குச்சு. பிறகு நடுங்கலை. நல்ல உசரத்துல ரெண்டு நிமிஷம் ஓட்டினா. இறக்கும்போதுதான் கொஞ்சம் நீளமா போயிடுச்சு. வௌவால் நேரா போய் சீமைக் கருவேலத்துல தலைகீழா தொங்குச்சு.

"இப்பதான்டா நிஜ வௌவால்!"னார் சார்.

அதை எடுக்கப் போய் ஆளுக்கு அஞ்சாறு முள். இறக்கையில மொத்தம் பதினேழு ஓட்டை, எண்ணினோம். கோந்து இந்தத் தடவை வெள்ளைக் கோந்துதான் எடுத்துட்டு வந்தான்.

அதுக்குப் பிறகு ஐப்பசி மழை. கண்மாய் நிறைஞ்சு, எங்க ரன்வே இருந்த இடத்துல இப்ப கொக்கு நிக்குது. ரூம்மேட் சார்ட் பேப்பரை விரிச்சு வெச்சு, வௌவால்-3க்கு அடியில மிதவை கட்டினா சி.ஜி. எவ்வளவு மாறும்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கா.